மாமியார் தலைக்கு மேலே

செப்டம்பர் 2, திங்கள்

காலையில் சாம்பல் மழை. காயப்போட்ட துணியெல்லாம் மறுபடி அலச வேண்டியதாயிற்று.

சாயங்காலம் கவா வேர்ச்சாறு குடிக்கப் போன இடத்தில் கூட்டாளி பிலேமோன் காதோடு சொன்னான்: சனிக்கிழமை சர்ச் மாதர் சங்கம் மொத்தமும் எங்கள் தீவின் 'மாரும்' எரிமலைக்கு ஏறுகிறதாம். "வெள்ளைக்காரன் எங்கிருந்தோ வந்து பாக்குறான், நம்ம கொல்லைப்பக்கத்து நெருப்பை நாம பாத்ததில்லையே"ன்னு ஒரே பேச்சாம். வழிகாட்டி நான். உதவிக்கு அவன்.

யார் யார் வருகிறார்கள் என்று கேட்டிருக்கக் கூடாது. எல்சியின் அம்மாவும் வருகிறார்!

செப்டம்பர் 3

தூக்கமே இல்லை. அடுத்த மாதம் எல்சிக்கும் எனக்கும் கல்யாணம். எங்கள் ஊர் வழக்கப்படி, நிச்சயமான நாளிலிருந்து மாமியார் பெயரை நான் சொல்லக் கூடாது. (இங்கேயும் எழுதமாட்டேன். எதற்கு வம்பு?) நேரே பேசக் கூடாது, தொடக் கூடாது, அவர் தலைக்கு மேலான இடத்தில் நிற்கக் கூடாது. ஊருக்குள் சமாளித்துவிடலாம். மலையில்? வழிகாட்டி முன்னால் போகணும். முன்னால் போனால் மேலே போய்விடுவேனே!

எல்சி விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் முகம் மாறிவிட்டது. "அம்மா ஏற்கெனவே அரை மனசாத்தான் இருக்காங்க. தலைக்கு மேல நின்னியோ, கல்யாணம் அம்புட்டுதான்."

செப்டம்பர் 6

ஒரு வழியாக ஏற்பாடு. மாமியார் முதலில், நான் கடைசியில், பிலேமோன் நடுவில். நான் சொல்வதை அவன் எடுத்துச் சொல்வான். அவன்தான் உறவுமுறை இல்லாதவன்.

செப்டம்பர் 7, சனி

ஐயோ.

காட்டுக்குள்ளேயே ஆரம்பித்துவிட்டது. "வேர் வழுக்கும், பார்த்து வரச் சொல்லு" என்றேன். பிலேமோன் மேலே பார்த்துக் கத்தினான்: "அம்மா, உங்களுக்கு வயசாயிருச்சாம், பாத்து வரணுமாம்!" பாவி! அவர் அதற்கப்புறம் ஓடாத குறைதான். மாதர் சங்கம் பின்னால் மூச்சு வாங்கியது.

வழியில் ஒரு காய்ந்த ஓடை. அவர் இறங்கினார், நான் இன்னும் கரைமேல். அப்படியே சாம்பலில் குப்புறப் படுத்தேன். "மாப்பிள்ளைக்கு மயக்கம் போல" என்று யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். அவர் உட்கார்ந்தால் நான் படுத்தேன். அவர் படுத்தால் நான் எங்கே போவேன்? நல்லவேளை, படுக்கவில்லை.

உச்சியில் காற்று திரும்பியது. கந்தகப் புகை கண்ணை மறைத்தது. அவர் விளிம்பை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தார். அந்த இடத்தில் அடியில் மண்ணே கிடையாது, வெறும் சாம்பல் பொருக்கு. பிலேமோனைத் தேடினால், தூரத்தில் உட்கார்ந்து லாப்லாப் கிழங்கு அடையைத் தின்றுகொண்டிருக்கிறான்.

"நில்லுங்க!" என்று கத்தினேன். எல்லாரும் நின்றார்கள். அவர் மட்டும் நிற்கவில்லை. மாப்பிள்ளை தன்னிடம் பேசமாட்டான் என்று அவருக்குத் தெரியுமே!

ஓடினேன். பாவாடையைப் பிடித்து இழுத்தேன். அவர் மல்லாக்க விழுந்தார், அவர் மேல் நான் விழுந்தேன். அவர் நின்றிருந்த இடம் பொலபொலவென்று உள்ளே போயிற்று.

இறங்கும்போது எல்லாருக்கும் முன்னால் நான்.

செப்டம்பர் 8

பிலேமோன் வந்தான். சிரித்தான். போனான்.

செப்டம்பர் 10

ஊர்ப் பஞ்சாயத்து. தலைவர் விரல் மடக்கினார்: "கூப்பிட்டது ஒண்ணு, தொட்டது ஒண்ணு, மேல கிடந்தது ஒண்ணு." உயிரைக் காப்பாற்றினேனே என்றேன். "அதை யாருப்பா தப்புன்னு சொன்னா? இது வேற" என்றார். ஒரு பன்றி அபராதம். நியாயம்தான்.

பன்றியை அவர் வீட்டு வேலியில் கட்டினேன். அவர் முதுகைக் காட்டியபடியே உட்கார்ந்திருந்தார். எல்சியும் எட்டிப் பார்க்கவில்லை. போச்சு. எல்லாம் போச்சு.

செப்டம்பர் 13

சற்று முன் எல்சி வந்தாள். அவள் அம்மா சொல்லியனுப்பினாராம்: மாதர் சங்கம் அடுத்து பென்போ எரிமலைக்குப் போகிறது. "எங்க மாப்பிள்ளையைத் தவிர வேற எவனும் கூட வரக் கூடாது. கயிறு எடுத்துட்டு வரச் சொல்லு. ஒரு முனை என் இடுப்புல, மறுமுனை அவர் கையில. கயித்தைப் பிடிச்சா தொட்டதா ஆகாது, தலைவர்கிட்ட கேட்டாச்சு."

"எங்க மாப்பிள்ளைன்னா சொன்னாங்க?"

"பஞ்சாயத்துல எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. நீ போனப்புறம்."

நாளைக்குக் காலையில் முதல் வேலை, நல்ல கயிறாக ஒன்று வாங்கணும்.