தக்காளி நாற்று மாடி ஏறுகிறது

விரலை இன்னும் கழுவவில்லை. தக்காளி இலையைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளுமே, அந்தப் பச்சை வாடை அப்படியே இருக்கிறது. எதிர்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு நீ வந்தாலும் இதே வாடைதான் முதலில் வரும்.

மழை ஓய்ந்ததும், சமையலறை ஜன்னலோரம் முளைத்த நாற்றை நீ நேரே மொட்டைமாடிக்குக் கொண்டுபோக மாட்டாய். வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்க வேண்டும் என்பாய். மும்பையில் இந்தச் செம்பூர் கட்டடத்தில் லிஃப்ட் இல்லாதது உனக்கு வசதியாகப் போயிற்று. முதல் மாடிப் படியோரம் நிழல். அது தாங்கினால் இரண்டாம் மாடி, காலை வெயில் மட்டும். அப்புறம் காற்றடிக்கும் மூன்றாம் மாடி. நாற்றுத் தட்டோடு நீ முன்னால், மூச்சு வாங்கிக்கொண்டு நான் பின்னால். இலை கொஞ்சம் துவண்டால் சொம்போடு ஓடுவேன். "லேசா வாடட்டும்ளா. நீ ஊத்தி ஊத்தியே கொன்னுருவ" என்று பிடுங்கிக்கொள்வாய்.

மாடியில் தொட்டி வைத்தால் கீழே ஒழுகும், கூடாது என்று சொசைட்டி செகரட்டரி வரும்போதெல்லாம் எதிர்த்துப் பேசியதும் நீதான். "மெயிண்டனன்ஸ் நாங்களுந்தான கட்டுதோம்? ஒழுகுத எடத்தக் காட்டுங்க, எடுத்துருதோம்." அவர் ஒருநாளும் காட்டியதில்லை.

உன் காரியம் முடிந்த கையோடு என் வாசலுக்கு வந்தார். "மாமி, அவங்கதான் இல்லையே. தொட்டியெல்லாம் காலி பண்ணிடலாமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ கையால் பிசைந்த மண் அது. அதைக் குப்பை வண்டியில் ஏற்றுவாராம். நேரே உள்ளே போய் விதை போட்டேன்.

இந்த முறை தட்டைத் தூக்கியது நான். இரண்டாம் மாடியில் அவர் கதவைத் தாண்டும்போது வேண்டுமென்றே செருப்பைத் தேய்த்து நடந்தேன். ஒருநாள் அவசரப்பட்டு உச்சி வெயிலில் விட்டதில் சில இலைகள் வெளுத்துவிட்டன. நீ இருந்திருந்தால் என்னைக் கிழித்திருப்பாய். இப்போது வெயிலுக்குப் பழகித் தண்டு தடித்து, லேசாக ஊதா ஓடியிருக்கிறது.

இன்று காலை உன் தொட்டிகளில் நட்டேன். மண்ணை அழுத்தும்போது அழுகை வந்தது. அழுதேன். வாட்ச்மேனோடு செகரட்டரி மேலே வந்தார்.

"என்ன மாமி இது? காலி பண்ணச் சொன்னேனே?"

"செடி வெச்சாச்சு. யாராவது கைய வெச்சா நான் இங்கேயே உக்காந்துடுவேன்."

மண் கையோடு தொட்டியைப் பிடித்துக்கொண்டேன். வாட்ச்மேன் முதலில் இறங்கினான், சற்றுப் பொறுத்து அவரும்.

நாளைக்கும் வருவார். வரட்டும். உன் மாதிரி எனக்குப் பேச வராது. ஆனால் உன் மண்ணை விட்டு நகரவும் வராது.