வெடித்த பின் வரும் முகம்

ஐப்பசி 2, ஞாயிறு

காலையிலிருந்து மூடுபனி. ஒண்டிக்கடை முக்கில் எதிர்க்கடைப் பலகைகூடத் தெரியவில்லை. பஸ் ஹாரன் சத்தம் மட்டும். கம்பளிக்காரனுக்கு நல்ல நாள், எனக்கு இல்லை. வாடகைக்கு வீடியோ கேசட் எடுக்க டூரிஸ்ட் ஒருவரும் வரவில்லை.

மூன்று மணிக்கு வழக்கமான பொம்மைப் படம், கடையின் பின்னறையில். எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகள், கடைத்தெருப் பிள்ளைகள். சாக்கு விரித்து உட்காரவைத்தேன். பூனையும் எலியும். எத்தனையோ தடவை போட்ட படம். பிள்ளைகளுக்குச் சலிக்காது. எனக்கும்தான்.

நடுவில் அநியாயம். எலி ஒரு வெடிமருந்துப் பீப்பாய்க்குத் திரி வைக்கிறது. திரி எரிகிறது, பூனை ஊதி ஊதிப் பார்க்கிறது. டுமீல் என்று வரவேண்டிய இடத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்து வாழைக்கன்றுக்கு எரு வைப்பது பற்றிப் பேசுகிறார். டி.வி.யில் வரும் விவசாய நிகழ்ச்சி. கொஞ்ச நேரம்தான். பிறகு பூனை பழையபடி ஓடுகிறது.

"தாத்தா, பூன எங்கீங்க?"

"பூன தோட்டத்து வேலைக்குப் போயிருச்சுடா."

சிரிப்பு. என் கடையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிப்பு. போகிற போக்கில் ஒரு பையன், "கேசட்டு கெட்டுப்போச்சு, கேபிள் வந்தா ஊட்லயே பாக்கலாம்" என்றான். நாளைக்கு ஊர் முழுக்க இதே பேச்சாக இருக்கும். கேபிள்காரன் ஏற்கனவே மரத்துக்கு மரம் கம்பி இழுத்துக்கொண்டு வருகிறான். இந்த ஞாயிறு காட்சிதான் கடையைப் பிடித்து நிறுத்துகிறது. பிள்ளைகள் வந்தால் பெரியவர்களும் கேசட் எடுப்பார்கள். இதுவும் போனால் ஷட்டரை இழுத்துவிட்டுச் சேலத்துக்கு மகன் வீட்டுக்குப் போய் மூலையில் உட்கார வேண்டியதுதான்.

கெட்டுப்போகவில்லை. தானாகக் கெட்ட டேப்பில் புள்ளி மழை வரும், வாழைக்கன்று வராது. யாரோ வேண்டுமென்றே மேலே பதிந்திருக்கிறார்கள்.

ஐப்பசி 3, திங்கள்

தூறல். முழங்கால் வலி. மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.

மற்ற பொம்மைப் படக் கேசட் இரண்டையும் போட்டுப் பார்த்தேன். அதே கதை. ஒன்றில் செய்தி வாசிக்கும் அம்மாள், இன்னொன்றில் மறுபடி எரு. கடையில் இத்தனை சினிமா இருக்கிறது, அதில் எதையும் தொடவில்லை. பொம்மைப் படத்தில் மட்டும் கை வைத்திருக்கிறார்கள்.

கேசட்டின் முதுகில் சின்னப் பிளாஸ்டிக் பல் ஒன்று இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே எதையும் பதிய முடியாது. என்னிடம் உள்ள எல்லாவற்றிலும் உடைத்துத்தான் வைத்திருக்கிறேன். அந்த ஓட்டையை ஒட்டி அடைத்தால் மறுபடி பதியும். தடவிப் பார்த்தேன். மூன்றிலும் பிசுபிசுப்பு. விஷயம் தெரிந்த கை.

சந்தேகம்:
கேபிள்காரன். காரணம் உண்டு, ஆனால் அவன் கைக்குக் கேசட் எப்படிப் போகும்?
ஹாஸ்டல் லில்லி டீச்சர். கேசட் எடுக்கிறாள். ஹாஸ்டலில் கேசட் ஓட்டும் டெக் இருக்கிறது. வாயும் இருக்கிறது.

லில்லி டீச்சர்தான். ஆனி மாதம் கடைக்கே வந்து, அடிதடி வரும் இடத்தையெல்லாம் எடுத்துவிட்டுக் கொடுக்க முடியுமா என்று கேட்டவள். சென்சார் போர்டு பார்த்து அனுப்பிய படத்தை இவள் வெட்டுவாளாம். கூத்தில் கட்டியங்காரன் அடி வாங்காமல் இருந்திருக்கிறானா? அதைப் பார்த்து வளர்ந்த நாங்கள் எல்லாம் கொலைகாரர்களாகவா போய்விட்டோம்? தட்டையாகப் போன பூனை அடுத்த நிமிஷம் எழுந்து ஓடுகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குப் புரிவது டீச்சருக்குப் புரியவில்லை.

சாயங்காலம் எலக்ட்ரீஷியன் பழனி வந்தான். இந்த ஊரில் நான் நம்புகிற ஒரே ஆள். என் இரண்டாவது டெக் அவன் வீட்டில்தான் ரிப்பேரில் கிடக்கிறது. விஷயத்தைச் சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான்.

"டீச்சரா இருக்காதுங்ணா."

"வேற யாரு?"

"எனக்கென்னங்க தெரியும். உடுங்க, ஒரு துண்டுதான போச்சு."

ஒரு துண்டாம். இவனுக்கு எல்லாமே லேசு. அவன் மகள் வசந்தி ஏன் நேற்று படத்துக்கு வரவில்லை என்று கேட்டேன். காய்ச்சல் என்றான்.

தெருவில் பிள்ளைகள் டுமீல் டுமீல் என்று கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது. எல்லாம் என் படத்திலிருந்து பிடித்த சத்தம். நல்ல படம் என்றால் இப்படித் தெருவில் இறங்க வேண்டும்.

ஐப்பசி 5, புதன்

நேற்று எழுதவில்லை. கரண்ட் இல்லை, மனசும் இல்லை.

இன்று ஹாஸ்டலுக்கே போனேன். லில்லி டீச்சர் வாசலில் நின்று பிள்ளைகளுக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க பெரியவரே. கோவமா வந்திருக்கீங்க போல."

கேசட்டை நீட்டி, "இது யார் வேலை?" என்றேன். விவரம் கேட்டுக்கொண்டாள். பதறவில்லை. அதுவே சந்தேகத்தைக் கூட்டியது.

"ஏங்க, ஒங்க படத்தப் பாத்துட்டு எங்க சுரேஷ் பக்கத்துப் பையன் தலையில தோசக்கல்லால போட்டான். பூன எந்திரிச்சு ஓடிருச்சு. அந்தப் பையனுக்குத் தையல் போட்டோம். அதனால வெட்டச் சொன்னேன், இன்னைக்கும் சொல்றேன். ஆனா அழிக்கறதா இருந்தா நான் படத்துல சட்டியால அடிக்கறத இல்ல அழிச்சிருப்பேன்? சட்டி இருக்குதுங்களா?"

"இருக்குது."

"சம்மட்டி?"

"இருக்குது."

"அப்புறம் எதுக்குங்க எங்கிட்ட வந்தீங்க?"

பின்னால் தலை சீவ நின்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தோசைக்கல்லை எட்டும் இடத்தில் வைத்தது யார் தப்பு என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஆனால் வழியெல்லாம் ஒரே யோசனை. சட்டி இருக்கிறது. சம்மட்டி இருக்கிறது. பல் உதிர்வது, வால் கதவில் சிக்குவது, மலையிலிருந்து விழுவது, எல்லாம் இருக்கிறது. அப்படியானால் என்னதான் இல்லை?

ஐப்பசி 6, வியாழன்

வெயில் கொஞ்சம். வீட்டுக்காரி சரசு மிளகாயைக் காயப்போட்டாள், குரங்கு வந்து கலைத்துவிட்டுப் போனது.

கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு மூன்று கேசட்டையும் முதலிலிருந்து ஓட்டினேன். படங்கள் எனக்கு மனப்பாடம். எது இல்லை என்று சொல்ல எவனும் வேண்டியதில்லை.

இல்லாதது ஒன்றே ஒன்று. வெடி வெடித்த பிறகு வரும் முகம். பூனையின் முகம் கரியாகி, உதடு மட்டும் சிவப்பாகப் பெருத்து, மயிர் சுருண்டு நிற்க, கண்ணை உருட்டிப் பார்க்கும் அந்த இடம். பிள்ளைகள் அதிகமாகச் சிரிப்பதும் அங்கேதான். மூன்று கேசட்டிலும் அந்த முகம் வரும் இடம் மட்டும் அழிந்திருக்கிறது. சட்டியடி மேல் ஒரு கீறல் இல்லை.

இதை யார் அழிப்பார்கள்? இதில் அடி இல்லை, ரத்தம் இல்லை. வெறும் கரி.

மூன்றாவது கேசட்டை வெளியே எடுத்தபோது அதன் மூடியின் உள் மடிப்பில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. கறுப்பு இன்சுலேஷன் டேப். கத்தியால் சதுரமாக நறுக்கியது. இந்தக் கடையின் வயர் இணைப்பு ஒவ்வொன்றிலும் அதே சதுரம் இருக்கிறது.

டெக் பழனி வீட்டில். டெஸ்ட் பண்ண என்று கேசட்டும் அவ்வப்போது அவன் கையில். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

சரசுவிடம் சொன்னேன்.

"பழனியா? சும்மா செய்ய மாட்டானுங்க அவன்."

"அப்போ நான் சும்மா கேக்கறனா?"

"நீங்க கேக்கவே மாட்டீங்க. சொல்லத்தான் செய்வீங்க."

நாற்பது வருஷமாக இதே பேச்சு.

ஐப்பசி 7, வெள்ளி

கிளியூர் போகும் வழியில் பழனி வீடு. மழையில் நனைந்துகொண்டே போனேன். அந்த டேப் துண்டை அவன் முன்னால் வைத்தேன். மறுப்பான் என்று பார்த்தேன். மறுக்கவில்லை.

"உக்காருங்ணா. தலையத் தொடைங்க."

"எதுக்குப் பண்ணுன?"

"வசந்தி பள்ளிக்கூடம் போறதில்லீங்க. நொம்ப நாளாச்சு."

உள் அறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தணித்தான். பிள்ளை கறுப்பு, அவன் மாதிரி, சுருட்டை முடி. வகுப்புக்குள் நுழைந்தால் டுமீல் என்கிறார்களாம். பேரே அதுதான் இப்போது. கடைக்குப் போனால் டுமீல், தண்ணிக்குப் போனால் டுமீல். பவுடரை அப்பிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்ப் பார்த்தாளாம், மழையில் அது வழிந்தது, அதற்கும் ஒரு டுமீல்.

"எங்கிட்டச் சொல்லக்கூடாதா?"

"ஆடி மாசம் சொன்னனே. கடையில வெச்சு. நீங்க என்ன சொன்னீங்க? சிரிக்கறவங்க சிரிக்கட்டும், அவளையும் சேந்து சிரிக்கச் சொல்லுன்னீங்க. சொல்லிப்போட்டு நீங்களும் சிரிச்சீங்க."

சொல்லியிருக்கலாம். ஞாபகமில்லை. சொல்லியிருந்தாலும் அதில் என்ன தப்பு. கிண்டலுக்குப் பயந்தவன் கிண்டலாகத்தான் போவான்.

"ஒங்க படத்த நான் குத்தம் சொல்லலீங்ணா. அடி, ஒத, எல்லாத்தையும் உட்டுட்டேன். எனக்கும் சிரிப்பு வருது. அது ஒண்ணுதான்."

"என் பொருள், பழனி. திருட்டுத்தனமா."

"ஆமாங்க. திருட்டுத்தனந்தான்."

இப்படி ஒத்துக்கொள்பவனிடம் எப்படிச் சண்டை போடுவது? உள்ளே நாற்காலி நகர்ந்த சத்தம். பெண் வெளியே வரவில்லை. என் டெக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ரிப்பேர் எப்போதோ முடிந்துதான் இருந்தது.

சரசு: "ஒரு புள்ளைக்காவ ஒரு பட்டாசு கொறஞ்சாக் கொறஞ்சுட்டுப் போவுதுங்க."

இன்றைக்கு ஒரு பட்டாசு. நாளைக்கு டீச்சருக்காகச் சட்டி. அதற்கடுத்து எவனோ வந்து பூனை எலியைத் தின்னலாமா என்பான். கடைசியில் வாழைக்கன்றுதான் மிஞ்சும். ஒருவனுக்கு வளைந்தால் எல்லோருக்கும் வளைய வேண்டும். பிள்ளைகள் டுமீல் என்றால் பிள்ளைகளை அதட்டு. டேப் என்ன செய்தது?

ஐப்பசி 8, சனி

முதல் பஸ்ஸில் சேலம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஒரு பெண்மணி வாந்தி, ஜன்னலோரம் எனக்குப் பின்னால். புதுக் கேசட் கிடைத்தது. அதே படங்கள், ஒரு இடம் குறையவில்லை, கடையிலேயே ஓட்டிப் பார்த்துத்தான் எடுத்தேன். பல்லை அங்கேயே உடைத்து, டேப் ஒட்டாதபடி ஓட்டையைச் சுற்றி மெழுகு தடவிவிட்டேன். இனி எவன் ஒட்டுகிறான் பார்க்கலாம்.

மகன் வீட்டுக்குப் போகவில்லை. ஒண்டிக்கடை முழுக்கச் சொல்லி அனுப்பினேன், நாளைக்கு முழுப் படம் என்று.

ஐப்பசி 9, ஞாயிறு

மழை விட்டு விட்டு. பழனி வரவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை. வசந்தியும் வரவில்லை.

கூட்டம் போன வாரத்தைவிட அதிகம். செருப்பு வாசலில் குவிந்து கிடந்தது. கேபிள்காரன் எந்தப் பிள்ளையையாவது அனுப்பி ஏதாவது செய்யச் சொல்லியிருப்பானோ என்று ஒரு யோசனை. அதனால் இன்றைக்குப் படத்தைப் பார்த்து உட்காரவில்லை. டி.வி. பக்கத்தில் முக்காலி போட்டுப் பிள்ளைகளைப் பார்த்து உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

சட்டியடிக்குச் சிரித்தார்கள். கதவில் வால் சிக்கியதற்குச் சிரித்தார்கள். எல்லாக் கண்ணும் படத்தில். நல்ல சிரிப்பு. டீச்சர் வந்து பார்க்க வேண்டும்.

பிறகு திரி எரியும் சத்தம். வெடிப்பதற்கு முன்பே பாதித் தலைகள் திரும்பிவிட்டன. பின்னால், கதவோரம், வசந்தி உட்காரும் இடத்துக்கு. அங்கே இன்று வேறொரு பெண். கிளியூரிலிருந்து புதிதாக வந்திருக்கிறது, ஐந்து வயதிருக்கும், கருவல். டி.வி. டுமீல் என்றது. பிள்ளைகளும் டுமீல் என்றார்கள், அந்தப் பெண்ணைப் பார்த்து. பூனையின் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்களே என்று அதுவும் சேர்ந்து சிரித்தது. பிறகு கன்னத்தைத் தேய்த்துவிட்டு, கையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தது.

"சத்தம் போடாதீங்க" என்று அதட்டினேன். அதட்டியதற்கும் சிரித்தார்கள்.

அந்தப் படத்தில் இன்னும் இரண்டு வெடி. வெட்டுவது தப்பு, திருட்டுத்தனமாக வெட்டுவது அதைவிடத் தப்பு. இன்றைக்கும் என் கட்சி அதுதான். டேப்பில் ஒரு அங்குலம்கூட நான் குறைக்கவில்லை.

எலி அடுத்த பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தது. திரியில் தீப் பிடித்ததும் எழுந்து போய் டி.வி.க்கு முன்னால் நின்றேன். குளிருக்குப் போர்த்தியிருந்த போர்வையை அகலமாக விரித்துக்கொண்டு.

"தாத்தா, தள்ளுங்க."

"மறைக்குதுங்க தாத்தா."

"தெரியும் சாமி. உக்காரு."

முதுகுக்குப் பின்னால் வெடித்தது. அடுத்ததற்கும் அங்கேயேதான் நின்றேன்.