பூட்டுக்கடைக்காரன் ஏறிய சுவர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அங்கே குளிர் அதிகமாமே, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. என்னோடு பேச்சுதான் அளவாக இருக்கிறது. காரணம் உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் என் கையால் எழுத வேண்டும்.

கோடை முகாமை இளைஞர் மன்றமே நடத்தட்டும் என்று நீ கேட்டபோது, பெரியவர்கள் சங்கத்தில் முதலில் எதிர்த்தவன் நான். பால் பொங்கினால் அடுப்பை அணைக்கத் தெரியாதவர்கள் இத்தனை பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பார்களா என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தேன். நீ சிரிக்கவில்லை. அப்படியும் உங்களுக்கு அனுமதி கிடைத்ததில் எனக்கு ஒரே வயிற்றெரிச்சல். ஏதாவது குறை கண்ணில் படாதா என்றுதான் முகாம் நடந்த அன்று மத்தியானம் வந்தேன்.

வாசலில் காவல் நின்ற பெண், நீங்கள் வாலு என்று கூப்பிடுவீர்களே அவள், அக்காவைக் கேட்டுவிட்டு விடுகிறேன், அதுவரை நில்லுங்கள் என்றாள். உன் அப்பா என்று சொல்ல கௌரவம் இடம் கொடுக்கவில்லை. என்னையா நிற்கச் சொல்கிறாய் என்று பின்பக்கம் போய்ச் சுவர் ஏறிக் குதித்தேன். ஊருக்கெல்லாம் பூட்டு விற்கிறவன்!

தூங்கி எழுந்த சிறுவன் ஒருவன் என்னைப் பார்த்துத் திருடன் என்று அலறினான். நீங்கள் விசில் ஊதிய வேகத்தில் பிள்ளைகள் எல்லோரும் கூடத்தில் வரிசையாக நின்றுவிட்டார்கள். அவன் மட்டும் ஓடும்போது விழுந்து கையை உடைத்துக்கொண்டான். தப்பிக்கத் திரும்ப ஏறியபோது சுவரின் முள்கம்பியில் மாட்டிய என் சட்டையை நீதான் எடுத்துவிட்டாய். 'போங்கப்பா, யாரும் பாக்கல' என்றாய். அவ்வளவுதான்.

பிறகு சங்கத்தில் உன்னை நிறுத்திக் கேட்டார்கள். யாரோ உள்ளே வந்துவிட்டார், பொறுப்பு என்னுடையது என்றாய். இனி இளைஞர்கள் முகாம் நடத்தக் கூடாது என்பவர்கள் கை தூக்கச் சொன்னார் தலைவர். நானும் தூக்கினேன். நீ என் கையையே பார்த்தாய்.

நீ வேலைக்கென்று கிளம்பிய பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. போன ஞாயிறு சங்கத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தையல்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கை உடைந்தது அவர் பேரனுக்கு. வாலு எழுந்து, 'நான்தான் நில்லுங்கன்னு சொன்னேனே சார்' என்றாள். ஆமாம், சொன்னாய் என்றேன். என்னைச் சங்கப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள், சரிதான். முகாமை மறுபடி உங்களிடமே கொடுக்கிறார்கள். அக்கா வந்தால்தான் நடத்துவோம் என்கிறார்கள் உன் மன்றத்துப் பிள்ளைகள்.

மன்னித்துவிடு என்று எழுத எனக்கு முகமில்லை. அவர்களுக்காக விடுமுறையில் வந்துவிடம்மா. முகாமுக்கு உன் சாப்பாட்டை நான் கொண்டுவருகிறேன். வாலு நிற்கச் சொன்னால் வாசலிலேயே நிற்பேன். நீ வெளியே வரும்வரை நிற்பேன்.

நன்றாக இரு.

உன் அப்பா