மாமாவின் வலது பாதம்

கார்த்திகை, வியாழக்கிழமை

மாமனாரை இன்று மறுபடியும் ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். மூன்று மாதத்துக்கு முன் அவர் தொடையிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுத்து, வலது பாதத்துக்கு ரத்தம் போகும்படி காலுக்குள் வைத்துத் தைத்திருந்தார்கள். அது அடைத்துவிட்டது. பாதத்தையே எடுக்க வேண்டிவரலாம் என்கிறார் டாக்டர்.

ரத்தம் ஓடுகிறதா என்று தினமும் பாதத்தில் நாடி பார்க்க நர்ஸ் எனக்குத்தான் கற்றுக்கொடுத்தாள். இரண்டு விரலால் பார்க்க வேண்டும். கட்டைவிரல் கூடாது, அதற்கே துடிப்பு உண்டு, ஏமாற்றிவிடும் என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வடகரப்பதி வீட்டுக்குத் திரும்பிய முதல் நாள் பார்த்தேன். உடனே குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். திரும்பினால், மாமா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள், "நானே பாத்துக்கறேன் அம்மிணி, உனக்கெதுக்குச் சிரமம்?" என்றார். கட்டைவிரலை வைத்துத்தான் பார்த்தார். தப்பு என்று எனக்குத் தெரியும். சொன்னால் மறுபடி நான் தொட வேண்டியிருக்கும். சொல்லவில்லை. "துடிக்குதுங்களா மாமா?" என்று அடுப்படியிலிருந்தே கேட்பேன். "நல்லாத் துடிக்குது" என்பார். அதோடு சரி.

நாடியைச் சரியாகப் பார்க்கவில்லையா என்று இன்று டாக்டர் சத்தம் போட்டபோது, "மருமக மேல தப்பில்லீங்க, நாந்தான் தொட வேண்டாம்னுட்டேன்" என்றார்.

உள்ளே கொண்டுபோகும் முன் அந்தப் பாதத்தில் இரண்டு விரலை வைத்தேன். சில்லென்றிருந்தது. எதுவும் துடிக்கவில்லை. விரலை எடுக்க மனம் வரவில்லை.

மாமா தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"கை கழுவற குழாய் அந்தக் கடைசீல இருக்குது அம்மிணி" என்றார்.