இருபத்திரண்டு கிலோ

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அப்பாவும் தையல் மிஷினும் சுகம், மூவரில் மிஷின்தான் அதிக சுகம், ஒன்பது நாளாக யாரும் அதை மிதிக்கவில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பொன்னான பேத்தியும் எங்களைவிட ஒரு படி மேலாகவே சுகமாக இருக்கவேண்டும், இல்லையென்றால் உடனே எழுது. அம்மாவுக்குச் சின்ன ஆபரேஷன், முடிஞ்சது, சாப்பிடுறா என்று உன் அப்பா போனில் ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிட்டாராம், நீ அழுதாயாம். அவரைக் குறை சொல்லாதே, முப்பது வருஷம் லிஃப்ட் ஓட்டியவர், எந்த மாடி என்று கேட்பதைத் தவிர வேறு பேச்சு அவருக்குத் தேவைப்பட்டதில்லை. அதனால் முழுவதையும் நானே எழுதுகிறேன். கடிதத்தில் எழுதினால் நீ அழுவது எனக்குக் கேட்காது, நான் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கலாம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், புள்ளி கமா முன்னே பின்னே இருக்கும், மூச்சு வாங்கும் இடத்தில் நீயே வைத்துக்கொள்.

ஒரு வருஷமாக எனக்கு மாதாமாதம் உதிரப்போக்கு அதிகம், உன்னிடம் அசதி என்று மட்டும் சொல்லி மழுப்பினேன். மாத்திரை ஊசி எல்லாம் பார்த்தாயிற்று, ரத்தம் எட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது, ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் ஒரு கட்டி. சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்ததில் கெட்டது எதுவும் இல்லை, ஆனாலும் கர்ப்பப்பையை எடுத்துவிடுவது நல்லது என்று டாக்டரம்மா சொன்னாள். உன் வயதுதான் இருக்கும், மூக்குக்கண்ணாடி மட்டும் அவள் பாட்டியுடையது போல. நான் பயந்தது ஆபரேஷனுக்கு இல்லை. நீங்கள் டிக்கெட் எடுத்தாயிற்று, பத்து வாரத்தில் வருகிறீர்கள், உன் மகள் எடை மெஷினில் ஏறி நின்றுகொண்டு போனில் என்னிடம், பாட்டி நான் இருபத்திரண்டு கிலோ, ஏர்போர்ட்லயே என்னைத் தூக்கணும் என்று கேட்டாள், நானும் தூக்குறேன்டி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அதுதான் என் கவலை.

டாக்டரம்மா இரண்டு கேள்வி வைத்தாள். எந்த வாசல் வழியாக எடுப்பது, உள்ளே எதையெல்லாம் எடுப்பது எதையெல்லாம் விடுவது. வாசல் மூன்றாம். வயிற்றைத் திறந்து எடுக்கலாம், சின்னத் துளைகள் போட்டுக் கேமரா விட்டு எடுக்கலாம், வெளியே ஒரு வெட்டும் இல்லாமல் பிள்ளை பிறக்கும் வழியாகவே கீழே எடுக்கலாம். யோசிச்சுட்டு வாங்கம்மா என்று அனுப்பிவிட்டாள். யோசிப்பது என்றால் நான் தனியாக யோசிப்பேனா, தெருவில் இந்த ஆபரேஷன் ஆன மூன்று பேரை என் தையல் கடைக்கு வரவழைத்து, ட்ரையல் ரூமுக்குள் திரையை இழுத்துவிட்டு, வயிற்றைக் காட்டச் சொன்னேன். பேக்கரிக்காரம்மாவுக்குத் தொப்புளிலிருந்து கீழே நேர்கோடு, ரயில் தண்டவாளம் மாதிரி. என் டாக்டர் கையை விட்டுத் துழாவி எடுத்தாரு, மிச்சம் மீதி எதுவும் வைக்கல என்றாள், ஏதோ மாவு டப்பாவைச் சுரண்டியது போல. நம் வீட்டுக்காரம்மாவுக்குப் பட்டன் பிய்ந்த இடம் போல மூன்று புள்ளி. அஞ்சாம் நாள் மாடிப்படி ஏறினேன், கர்ப்பப்பை வாயைக்கூட விட்டுவச்சிருக்காங்க என்றாள், அது என்னவோ தங்கப் பதக்கம் போல. மேல்மாடி டீச்சருக்குக் கீழ்வழி, வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை, அதுதான் அவளுக்கு வினையாகப் போயிற்று. அடையாளமே இல்லாம ஆபரேஷனா, டீச்சர் சும்மா லீவு போட்டிருப்பாங்க என்று பேக்கரிக்காரம்மா சொல்ல, டீச்சர் விறுவிறுவென்று மேலே போய் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துவந்து என் ட்ரையல் ரூம் கண்ணாடியில் ஒட்டிவிட்டாள், இன்னும் அங்கேதான் இருக்கிறது. இந்தக் களேபரத்தில் பேண்ட் நீளம் குறைக்க வந்த தபால்காரர் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. திரையைத் திறந்தபோது அவர் குடித்த பாதித் தேநீர்தான் இருந்தது, ஆள் இல்லை. பேண்டை இன்றுவரை வாங்க வரவில்லை.

மூன்று பேரும் அவரவர் வழிதான் உசத்தி என்று சாதித்ததில் எனக்குக் குழப்பம்தான் மிச்சம். சரி, தெரிந்த வழியில் தெரிந்துகொள்வோம் என்று டாக்டரம்மா சீட்டின் பின்னால் வரைந்துகொடுத்த படத்தை விரித்து, சோபா உறை தைத்ததில் மிஞ்சிய பூப்போட்ட துணியில் ஒரு கர்ப்பப்பை தைத்தேன். வாய்க்கு எலாஸ்டிக், குழாய் இரண்டுக்கும் நாடா, முட்டைப்பை இரண்டும் பிரஸ் பட்டனில், வேண்டுமானால் வைக்கலாம் வேண்டாமென்றால் கழற்றலாம். கட்டிக்கு ஒரு கம்பளி நூல்கண்டை உள்ளே திணித்தேன். உன் அப்பா அதைத் தலையணை என்று நினைத்துத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார், என்னவென்று சொன்னதும் எழுந்து வெளியே போனவர் ஒரு மணிநேரம் திரும்பி வரவில்லை.

அதை எடுத்துப்போய் டாக்டரம்மா மேசையில் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள், பெரிய நர்ஸையும் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கி, இதுதான்மா கீழ்வழி, இப்ப இழுங்க என்றாள். எனக்குக் கீழ்வழிதான் ஆசை, வெளியே தெரியாத தையல் போடுவதுதானே தையல்காரிக்குப் பெருமை. இழுத்தேன், வரவில்லை. நூல்கண்டு அடைத்துக்கொண்டது. டீச்சருக்குப் பை சின்னதா இருந்திருக்கும், தானாவே இறங்கியும் இருந்திருக்கும், உங்களுது மூணு மாசப் பிள்ளை அளவு, கொஞ்சமும் இறங்கல, பையன் பிறந்தப்ப கிழிச்ச தழும்புல ஒட்டிட்டும் இருக்கலாம் என்றாள். உன் அண்ணன் பிறக்கும்போதே தலை பெரிது, குறுக்கே வெட்டித்தான் எடுத்தார்கள், முப்பத்தோரு வருஷம் கழித்தும் அவனால் எனக்கு வேலை. துளை வழி முடியுமா என்றேன். முடியும், வியாழக்கிழமை வர்ற டாக்டர் செய்வாங்க, ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போகலாம், ஆனா இவ்வளவு பெரிசை உள்ளேயே ஒரு பைக்குள்ள போட்டுத் துண்டு துண்டாக்கித்தான் எடுக்கணும், ஒட்டல் அதிகமா இருந்தா பாதியில வயித்தைத் திறக்கவும் வேண்டிவரலாம், இல்லேன்னா நான் பழைய தழும்பு மேலேயே குறுக்கே திறந்து கண்ணால பார்த்து எடுப்பேன், நாலு நாள் இருக்கணும், உங்களுக்கு ரெண்டுமே சரிதான், தேர்ந்தெடுக்கறது நீங்க என்றாள்.

அப்புறம் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டாள். இதெல்லாம் முடிஞ்சப்புறம் உங்களுக்கு எது முக்கியம்மா, தழும்பு தெரியாம இருக்கறதா, சீக்கிரம் மிஷின்ல உட்கார்றதா என்றாள். இருபத்திரண்டு கிலோ என்றேன். விளக்கமும் சொன்னேன், பேத்தி வகுப்பில் முதல், இரண்டு மொழி பேசுவாள், யானை வரைந்தால் யானை போலவே இருக்கும் என்று. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள், என் குஞ்சு நிஜமாகவே பொன் என்றால் நான் என்ன செய்வது. அவள் பொறுமையாகக் கேட்டு, ஃபைலில் இருபத்திரண்டு கிலோ என்று எழுதி அடிக்கோடு போட்டாள். போட்டுவிட்டுத்தான் இடியைப் போட்டாள். எந்த வாசல் வழியா போனாலும் பையை எடுத்த இடத்தை உள்ளே மூடிப் போடற தையல் ஒண்ணுதான்மா, அது ஆற நாளாகும், வெளிக்காயம்தான் சீக்கிரம் ஆறும், இருபத்திரண்டு கிலோவை மூணு மாசத்துக்கு நினைக்கவே கூடாது. அப்படியானால் அவர்கள் வந்துபோன பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றேன். இந்த ரத்தத்தை வச்சுக்கிட்டா, பேத்தி வர்றப்ப பாட்டி கட்டில்லதான் இருப்பீங்க என்றாள். உன் அப்பா அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, லிஃப்டுக்குக் கயிறு மாத்தினா சோதிச்சு முடிக்கிற வரைக்கும் ஆள் ஏத்த மாட்டோம், இவளுக்கு மூணு மாசம்னா நியாயம்தான் என்றார். அந்த அறையில் அவர் பேசியது அது ஒன்றுதான், டாக்டரம்மா அதையும் எழுதிக்கொண்டாள்.

ஆக வாசலை மாற்றிப் பேத்தியைத் தூக்க முடியாது என்று தெரிந்தபின் எனக்கு மனது தெளிந்துவிட்டது. ஆல்டரேஷனுக்கு வரும் துணியில் பழைய தையலைப் பிரித்து வேலை செய்வேனே தவிர நல்ல இடத்தில் புதிதாகக் கத்தரி வைக்கமாட்டேன், நீங்களே பழைய தழும்புமேல திறங்க என்று சொல்லிவிட்டேன். அதற்காக வீட்டுக்காரம்மா செய்தது தப்பு என்று சொல்லவில்லை, ஒருத்தி அளவில் வெட்டிய சட்டை இன்னொருத்திக்கு அக்குளில் பிடிக்கும், அவ்வளவுதான். கர்ப்பப்பை வாயை விட்டுவைத்தால் மாதாமாதம் துளித்துளியாகப் படலாம், அதற்கென்று சோதனையும் தொடரவேண்டும் என்றதால் அதையும் எடுக்கச் சொன்னேன், பதக்கம் வேண்டாம். குழாய் இரண்டுக்கும் இனி வேலை இல்லை, எடுத்தால் பின்னாளில் புற்று வரும் வாய்ப்பும் குறையும் என்றாள், சரி என்றேன். முட்டைப்பை இரண்டும் நன்றாக வேலை செய்கிறதாம், அவை இருக்கட்டும், ஓடுகிற மிஷினை எதற்குக் கழற்றுவது.

ஆபரேஷன் அன்று காலையில் மயக்க மருந்து டாக்டர் வந்தார், மீசை இப்போதுதான் முளைத்த மாதிரி. ஃபைலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஃபைலைப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது. அம்மா, கட்டி இருபத்திரண்டு கிலோவா என்றார். அது கட்டி இல்ல தம்பி, என் பேத்தி என்றேன். அவர் இன்னும் வெளுத்துப்போய்ப் பெரிய நர்ஸைத் தேடிக்கொண்டு ஓடினார். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள், வாய் மரக்கவில்லை, அதனால் பேத்தியின் பெருமையில் மிச்சமிருந்ததை உள்ளே சொல்லிக்கொண்டிருந்தேன். தையலைப் பிறகு பார்த்தேன், சீரான தையல், இடது ஓரத்தில் மட்டும் ஒரு நூல் இடம் இழுத்திருக்கிறது. டாக்டரம்மாவிடம் சொன்னேன். அங்கதான்மா நீங்க யானைக் கதை சொன்னீங்க, சிரிச்சதுல கை இழுத்துடுச்சு என்றாள். எடுத்ததைப் பார்க்கவேண்டும் என்று கேட்டிருந்தேன், ஒரு பாத்திரத்தில் காட்டினார்கள். நீயும் உன் அண்ணனும் குடியிருந்த முதல் வீடு, இவ்வளவுதானா என்று இருந்தது. நீ எட்டு மாதத்திலேயே அவசரமாகக் காலி செய்தாய், உன் அண்ணன் பத்து நாள் கூடுதலாக இருந்தான். கண் கொஞ்சம் கலங்கியது, ஒரு கையில் ட்ரிப்ஸ், மறுகையில் பிரஷர் பட்டை, துடைக்க முடியவில்லை, அந்த மீசைக்காரப் பிள்ளைதான் துடைத்துவிட்டது. சோதனைக்கு அனுப்பியதும் நல்லபடியாக வந்துவிட்டது, நாளை மறுநாள் தையல் பிரிக்கிறார்கள். பூப்போட்ட துணியில் தைத்தது இப்போது டாக்டரம்மா மேசையிலேயே இருக்கிறது, வருகிறவர்களுக்கு அதை வைத்துத்தான் வாசல் சொல்கிறாளாம், இன்னும் இரண்டு கேட்டிருக்கிறாள், ஒன்று பெரிய கட்டியோடு, ஒன்று கட்டி இல்லாமல்.

இனி முக்கியமான விஷயம். நீ குளிக்கப் போயிருந்தபோது முந்தாநாள் உன் போனிலிருந்து உன் மகள் கூப்பிட்டாள். வாக்கை மீறப்போகிறேன் என்று அவளிடம் நானே சொன்னேன், பாட்டி வயித்துல தையல் போட்டிருக்கு, இருபத்திரண்டு கிலோ தூக்கக்கூடாதாம் என்று. எத்தனை கிலோ தூக்கலாம் பாட்டி என்றாள். மூன்று என்றேன். சரி, நான் வர்றதுக்குள்ள மூணு ஆயிடறேன், அம்மாகிட்ட போன்ல சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு வைத்துவிட்டாள். தட்டில் பாதியை ஒதுக்குகிறாள், என்ன நோயோ என்று நேற்று அப்பாவிடம் புலம்பினாயாமே, நோய் இதுதான். போனில் சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம், கடிதத்தைப் பற்றி அவள் பேசவில்லை. அவள் ஒதுக்குவதை நிறுத்தும்படி நாளைக்கே அவளிடம் நானும் வேறு விதமாகப் பேசிக்கொள்கிறேன். உன் அப்பா நேற்று அவர் வேலை செய்த கட்டடத்திலிருந்து ஒரு மூன்றுபடி ஏணியைத் தோளில் சுமந்து வந்து என் வெட்டுமேசை ஓரத்தில் ஆணி அடித்து நிறுத்தியிருக்கிறார், படியில் எட்டு பேர் ஐந்நூற்று நாற்பது கிலோ என்று பழைய லிஃப்டின் தகட்டையும் ஒட்டிவிட்டார். அவள் ஏறி மேசைமேல் உட்கார்ந்தால் என் கழுத்து உயரம் சரியாக வரும், நான் தூக்கவேண்டியதில்லை, கட்டிக்கொண்டால் போதும்.

எல்லா நலமும் உங்கள் மூவருக்கும் வந்து சேரட்டும், மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீயும் அசதி என்று சொல்லி எதையும் மழுப்பாதே, டாக்டரிடம் போ. தபால்காரரிடம் பேண்ட் தயார் என்று சொல்லத்தான் இந்தக் கடிதத்தையும் அவர் கையிலேயே கொடுக்கப்போகிறேன், தைரியமிருந்தால் வாங்கட்டும். கிளம்புகிற அன்று அவளை எடை மெஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு வா, இருபத்திரண்டில் ஒரு கிராம் குறைந்தாலும் ஏர்போர்ட்டிலேயே உன்னோடு சண்டை.

இப்படிக்கு,
பழைய தழும்பில் புதுத் தையலோடு,
உன் அம்மா