கடல் அவருடையது

மார்ச் 3, செவ்வாய்

இன்று கம்ப்யூட்டரில் ஏழு கல்யாணப் பெண்களுக்குப் பரு அழித்தேன். ஒரு மாப்பிள்ளைக்கு நெற்றியில் முடி நட்டேன். ஸ்டுடியோ முதலாளி பின்னால் வந்து நின்று, "அந்தக் கழுத்து மச்சத்தையும் தூக்கிடும்மா" என்றார். அது அந்தப் பெண்ணின் அடையாளம் சார் என்றேன். "அடையாளம் பாஸ்போர்ட்டுக்கு. ஆல்பத்துக்கு அழகுதான்." வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் என் சொந்தப் படத்தை முடித்துவிட்டேன். நாலு மாத வேலை! அம்மாவின் தையல் மெஷின். ஊசியின் அந்தப் பக்கம் துணிக்குப் பதிலாகக் கடல் வருகிறது, மடிப்பு மடிப்பாக. அலையின் ஓரத்தை அம்மாவின் வலது கை பிடித்துத் தள்ளுகிறது. மொத்தம் நாற்பத்து மூன்று லேயர், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய படத் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் அன்றைக்கு வாயில் வந்ததைப் பெயராக வைத்திருக்கிறேன். எனக்கு மட்டும் புரிந்தால் போதாதா?

வீட்டில் காட்டினேன். அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "ஏண்டி, உப்புத் தண்ணி பட்டா மெஷின் துரு பிடிக்காதா?"

மார்ச் 5

ஊசியில் நூல் கோக்க அம்மா என்னைக் கூப்பிட்டாள். இந்த வாரம் மூன்றாவது முறை. கை நடுங்குகிறது. படத்தில் நடுங்காது.

மார்ச் 10, செவ்வாய்



நகர மண்டபத்தில் படக் கண்காட்சி. ஃப்ரேம் போட்ட படங்களைக் கொடுத்துவிட்டு வரச் சொல்லி முதலாளி அனுப்பினார். உள்ளே நுழைந்தால் எதிர்ச் சுவரில் என் படம். ஆள் உயரத்துக்கு. கீழே சீட்டில் முதலாளி பெயர். பரிசுக்குத் தேர்வான ஐந்தில் ஒன்றாம்!

ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் வைத்தது என் முட்டாள்தனம். லேயர் எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஒரு பிரதி சேமித்திருந்தேன், அதை எடுத்திருக்கிறார். அதுகூடப் போகட்டும். கிட்டே போய்ப் பார்த்தால் — அம்மா மணிக்கட்டில் தழும்பைக் காணோம். இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு, எனக்குப் பள்ளிச் சீருடை தைத்த வருஷம். துடைச்சு எடுத்துட்டான். பரு அழிக்கிற மாதிரி! எங்கம்மா கை என்ன பருவா?

மார்ச் 11

கேட்டேன். நேருக்கு நேர்.

"அந்தக் கடல் யார் எடுத்த போட்டோ? நான் எடுத்தது. நீ ஒட்டு வேலை செஞ்சே. அருமையா செஞ்சே, இல்லேங்கல. கூலிக்கு செங்கல் அடுக்குனவன் வீட்டுக்குச் சொந்தக்காரன் ஆயிடுவானா?"

பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் பதில் தோன்றியது: கடல் உங்களுதுதான் சார். அப்போ உப்பு போட்டது நீங்க, சமைச்சது நான். ஐயோ, இது அங்கேயே வாயில் வந்திருக்கக் கூடாதா!

அக்காவிடம் சொல்லி அழுதேன். "வேலைக்கு உலை வெச்சுக்காதடி" என்கிறாள். உலை வைத்தது நானா?

மார்ச் 13, வெள்ளி

முதலாளி குழைந்துகொண்டு வந்தார். ஐந்து பேரும் நடுவர்கள் முன்னால் லேயரோடு கூடிய மூலக் கோப்பைத் திறந்து காட்ட வேண்டுமாம். இவருக்குத் தழும்பு அழிக்க மட்டும்தான் தெரியும். "நாளைக்கு நீ வந்து திறந்து மட்டும் குடு. பேச வேண்டியதை நான் பேசிக்கறேன்."

சரி என்றேன். அவருக்கே ஆச்சரியம்.

சாயங்காலம் கோப்பைத் திறந்து லேயர் பெயர்களைப் படித்துப் பார்த்தேன். சில பெயர்களைப் பார்த்து எனக்கே காது சூடானது. மாற்றிவிடலாமா? மாற்ற மாட்டேன். ஒரு எழுத்தையும் தொட மாட்டேன்.

மார்ச் 14, சனி

பெரிய திரை. நடுவர் மூன்று பேர். நடுவில் ஓவிய டீச்சர் ஒருவர், நரைத்த தலை, கணீர் குரல். முதலாளி கடல், தனிமை, உழைப்பு என்று என்னவோ அடித்துவிட்டுக்கொண்டிருந்தார். நான் கோப்பைத் திறந்தேன்; திரையின் ஓரத்தில் லேயர் பெயர்ப் பட்டியல் விரிந்தது.

டீச்சர் கீழிருந்து மேலே வாசிக்க ஆரம்பித்தார், சத்தமாக. "'முதலாளி கடல் — வெளுத்துப் போச்சு, சாயம் ஏத்தணும்.'" நிறுத்தி அவரைப் பார்த்தார். "முதலாளி யாரு சார்? நீங்கதானே முதலாளி?"

"அது... சும்மா ஒரு பேர் மேடம்."

"'அலை நிழல் — இன்னிக்கும் லீவு இல்லேன்னுட்டான் பிசினாறி.'" கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளி கர்ச்சீப்பைத் தேடினார். "இந்தக் கை யாரோடது?"

"மாடல் மேடம். காசு குடுத்துக் கூட்டிட்டு வந்தோம்."

டீச்சர் திரையைப் பார்த்தார், திரும்பிச் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். திரையில் தழும்பு இருந்தது. அந்த லேயரின் பெயரை மட்டும் அவர் மெதுவாக வாசித்தார்.

"'அம்மா வலது கை. தழும்பைத் தொடாதே.'"

என் பக்கம் திரும்பினார். "யாரோட அம்மாம்மா?" என்று என்னிடம் கேட்டார்.

"எங்கம்மா மேடம்" என்றேன். உப்பு, சமையல் எல்லாம் மறந்தே போச்சு. அவ்வளவுதான் வந்தது.

மார்ச் 16

வேலை போயிற்று. "நன்றி கெட்டவ" என்றார். போகும்போது சொன்னேன், உப்பு போட்டவர் நீங்கதான் சார் என்று. அவருக்குப் புரியவில்லை. பரவாயில்லை.

மார்ச் 22, ஞாயிறு

அம்மாவை மண்டபத்துக்குக் கூட்டிப்போனேன். பரிசு வேறு யாருக்கோ. ஆனால் படத்தை மூலக் கோப்பிலிருந்து புதிதாக அச்சடித்து மாட்டியிருக்கிறார்கள். சீட்டை மட்டும் புதிதாக அடிக்கவில்லை. அவர் பெயர் மேல் என் பெயரை வெட்டி ஒட்டியிருந்தார்கள், கொஞ்சம் கோணலாக.

அம்மா என் பெயரைப் படிக்கவே இல்லை. மணிக்கட்டைச் சுவருக்குப் பக்கத்தில் நீட்டி, தழும்பையும் தழும்பையும் ஒத்துப் பார்த்தாள். கை நடுங்கியதால் வெகுநேரம் ஆயிற்று. "சரியாத்தான் இருக்கு" என்றாள்.