ஐந்தில் நின்ற விரல்

ரேஷன் கார்டைத் தேடி பீரோவைக் குடைந்தபோது, சேலத்து டாக்டர் உங்களுக்குக் கொடுத்த தாள் கையில் அகப்பட்டது. நீளமாக ஒரு கோடு. அதன்மேல் பூஜ்யத்திலிருந்து ஆறு வரை எண்கள். மோட்டாருக்குப் பூசும் வார்னிஷ் வாசம் அதில் இன்னும் இருக்கிறது.

தூக்கம் வரவில்லை என்றுதான் அந்த டாக்டரிடம் போனீர்கள். மறுநாள் மத்தியானம் கம்பைநல்லூர் மோட்டார் ரிப்பேர் கடையைப் பூட்டிவிட்டு வந்து என்னை உட்காரவைத்தீர்கள். பூஜ்யத்தில் பெண்ணை மட்டும் விரும்பும் ஆண்கள், ஆறில் ஆணை மட்டும் விரும்புகிறவர்கள், நடுவிலும் எத்தனையோ பேர். இது நோயில்லை என்று டாக்டர் சொன்னாராம். நீங்கள் எங்கே என்று கேட்டேன். உங்கள் விரல் ஐந்தில் போய் நின்றது. ஏரியூர்க்காரர் ஒருவரைப் பற்றி அப்போதுதான் சொன்னீர்கள். மோட்டார் வேலை பழகிய காலத்துச் சிநேகிதமாம். நம் கல்யாணத்துக்கும் முந்தியது.

"அப்ப எனக்கு மிச்சம் ஒண்ணுதானுங்களா?"

"அப்பிடிக் கழிச்சுப் பாக்கறதில்ல அது. ஒம்மேல வெச்ச பாசம் பொய்யில்ல."

பதினேழு வருஷத்தையும் அந்தக் கோட்டில் வைத்து அளந்து பார்த்தேன். மகளுக்கு அம்மை போட்டிருந்தபோது வேப்பிலையும் கையுமாக நீங்கள் உட்கார்ந்திருந்ததை எந்த எண்ணில் வைப்பது? தெரியவில்லை. கோபம் மட்டும் தீரவில்லை. சோறு போட்டேன், பேசவில்லை. சாயங்காலம் வந்தால் ஏதோ சொல்ல வாயெடுப்பீர்கள். நான் எழுந்து போய்விடுவேன். இப்படியே நாற்பது நாள். பிறகு ஒரு நாள் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். அரூர் ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

சாவுக்கு அந்த ஏரியூர்க்காரர் வந்தார். மாலையோடு வாசலுக்கு வெளியே நின்றார். யாரென்று என் அண்ணன் கேட்டதற்கு, அவர்தான் என்று புரிந்தும் தெரியாது என்றேன். அண்ணன் அவரை அனுப்பிவிட்டார். உங்கள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து, அந்தத் தாளைப் பார்த்த பிறகு, வீட்டில் இருக்க முடியவில்லை. ஏரியூருக்குப் பஸ் ஏறினேன். இளைத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், அவர் ஒரு கேள்வியோடு முந்திக்கொண்டார்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாருங்களா?"

"ஒங்க பேரத்தான் சொன்னாருங்க."

துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை.

அது நான் இட்டுக்கட்டிச் சொன்னது. அந்தச் சாயங்காலங்களில் நீங்கள் சொல்ல வந்தது அவர் பேரா, என் பேரா, மகளைப் பற்றியா? ஒரு தரம் உட்கார்ந்து கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.